தையல் லைனுக்கு இன்சென்டிவ் ஸ்கீம்: மாஸ்லோ, ஹெர்ஸ்பெர்க், வ்ரூம் இவர்களில் யார் கைகொடுப்பார்?

நூல்கண்டு

திருப்பூர்ப் பக்கம் ஒரு பின்னலாடை ஏற்றுமதி யூனிட்டுக்கு ஸ்கீம் எழுத வேண்டியிருக்கிறது. மூன்று லைன். லைனுக்கு 20 டெய்லர், 4 ஹெல்பர். பெரும்பாலும் ரவுண்ட் நெக் டி-ஷர்ட், இடையில் போலோ. பீஸ் ரேட் கிடையாது, எல்லோருக்கும் ஷிப்ட் சம்பளம். எஃபிஷியன்சி 50 சதவீதத்தை ஒட்டியே நிற்கிறது.

இப்போது கையில் இருக்கும் திட்டம்: லைன் 55 தொட்டால் ஆளுக்கு நாளொன்றுக்கு ரூ.30, 60க்கு ரூ.60, 65க்கு ரூ.100. மாதம் முழுக்க லீவு போடாமல் வந்தால் ரூ.1,000. மாதாமாதம் ‘சிறந்த டெய்லர்’ ஒருவருக்குப் பரிசு. எச்ஆர் தரப்பில் மாஸ்லோ பிரமிடு, ஹெர்ஸ்பெர்க் என்று ஊக்கக் கோட்பாடுகள் எல்லாம் போட்டு ஒரு பிரசன்டேஷன் தயாராக இருக்கிறது. அதற்கும் இந்த மூன்று வரிக்கும் சம்பந்தம் இருப்பதாகத் தெரியவில்லை. ஓட்டை எங்கே இருக்கிறது, சொல்லுங்கள்.

---

கொங்கு_ஐஇ

கோட்பாட்டுக்குப் போகும் முன்னால் எண்ணைப் பார்த்துவிடலாம்.

ரவுண்ட் நெக்குக்கு சாம் (ஒரு பீஸுக்கான நிர்ணய நிமிடம்) 7 என்று வைத்துக்கொள்வோம். 20 டெய்லர், 480 நிமிடம், ஆக 9,600 நிமிடம். 700 பீஸ் வெளியே வந்தால் 4,900 நிமிட வேலை. 51 சதவீதம். 60ஐத் தொட 823 பீஸ் வேண்டும். கூடுதல் 123 பீஸ் எங்கிருந்து வரும்?

கை வேகத்திலிருந்து வரும் என்றுதான் எல்லா ஸ்கீமும் நினைத்துக்கொள்கிறது. ஒரு காரியம் செய்யுங்கள். கால் மணிக்கு ஒருமுறை லைனை ஒரு நடை நடந்து, 20 மெஷினில் எத்தனை ஓடுகிறது, நிற்பது எதற்காக நிற்கிறது என்று இரண்டு நாள் குறியுங்கள். 50 சதவீத லைனில் வழக்கமாக வரும் பதில்கள்: பண்டல் (வெட்டிய துணிக் கட்டு) வரவில்லை, நூல் கலர் மாறுகிறது, லூப்பர் (மெஷினின் அடிநூல் கொக்கி) தகராறு, கட்டிங்கில் சைஸ் கலந்துவிட்டது, ரிப் வந்து சேரவில்லை, ஸ்டைல் மாற்றம். இதில் ஒன்றுகூட டெய்லர் கையில் இல்லை. ஊசி நிற்கும் நிமிடத்துக்கு ரூ.100 அறிவித்தாலும் ஆயிரம் அறிவித்தாலும் பீஸ் வராது.

நிற்கும் நேரம் முக்கால்வாசி ஃபீடிங்காலும் (பண்டல் வந்து சேர்வது) மெஷினாலும் என்றால், முதல் இரண்டு மாதப் பணத்தை மெக்கானிக்குக்கும் கட்டிங்குக்கும் செலவழியுங்கள். ஸ்கீம் பிறகு.

---

மீனலோசனி

கொங்கு சார் சொன்னதைத்தான் விக்டர் வ்ரூம் 1964இல் கோட்பாடாக வைத்தார். ஒருவர் கூடுதலாக முயல்வாரா என்பது மூன்று கேள்விக்கான பதில். முயன்றால் என்னால் முடியுமா? முடித்தால் சொன்னதைத் தருவார்களா? தருவது எனக்கு வேண்டிய பொருள்தானா? மூன்றையும் அவர் கூட்டவில்லை, பெருக்கினார். அதனால் ஒன்று பூஜ்யம் என்றால் மற்ற இரண்டும் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் விடை பூஜ்யம். பண்டல் வராத லைனில் முதல் கேள்வியே பூஜ்யம். இன்சென்டிவ் தொகையை ஏற்றுவது மூன்றாவது எண்ணை மட்டும் பெரிதாக்குகிறது.

மாஸ்லோவை வேண்டுமானால் பிரசன்டேஷனில் வைத்துக்கொள்ளுங்கள், ஸ்கீமில் வேண்டாம். அவருடைய 1943 கட்டுரை மனிதத் தேவைகளின் படிநிலையைப் பற்றியது. அந்தப் பிரமிடு படம்கூட அவர் வரைந்ததல்ல, பிற்பாடு நிர்வாக ஆலோசகர்கள் வழியாக வந்து ஒட்டிக்கொண்டது. யாருக்கு, எதற்கு, எவ்வளவு, எப்போது என்ற நாலு கேள்விக்கும் அதில் விடை இல்லை.

ஹெர்ஸ்பெர்க் கதை வேறு. 1959இல் வெளியான ஆய்வுக்காகப் பிட்ஸ்பர்க் வட்டாரத்தில் இருநூறு பொறியாளர், கணக்காளர்களிடம் ‘வேலையில் ரொம்ப நன்றாக உணர்ந்தது எப்போது, ரொம்ப மோசமாக உணர்ந்தது எப்போது’ என்று கேட்டார்கள். நன்றாக உணர்ந்ததற்குச் சாதனையும் மோசமாக உணர்ந்ததற்குக் கம்பெனிச் சூழலும் காரணம், இரண்டும் தனித்தனி என்று முடிவு வந்தது. நல்லதைத் தன் சாதனையாகவும் கெட்டதைக் கம்பெனி மேலும் சொல்வது மனித சுபாவம். அந்தச் சாய்வு முடிவிலேயே ஏறிவிட்டது என்ற விமர்சனம் நியாயமானது. ‘பணம் ஊக்கம் தராது’ என்று அவர் பெயரில் சொல்வதைத் தையல் லைனுக்குக் கொண்டுவராதீர்கள்.

ஆனால் ஒரு விஷயத்துக்கு அவர் உதவுவார். வெக்கை, குடிநீர், கழிப்பறைக்குப் போக டோக்கன், சூப்பர்வைசர் வாய். இவற்றை இன்சென்டிவால் ஈடுகட்ட முடியாது, தனியாகச் சரிசெய்ய வேண்டும். பெங்களூரு வட்டார ஆயத்த ஆடை ஆலைகளில் மின்சாரச் சிக்கனத்துக்காக எல்இடி விளக்கு மாட்டினார்கள். அது கக்கும் சூடு குறைவு. வெயில் அதிகமான நாட்களில் லைன் எஃபிஷியன்சி ஏறியதை ஆய்வாளர்கள் அளந்து காட்டியிருக்கிறார்கள். யாருக்கும் ஒரு ரூபாய் கூடுதலாகத் தரவில்லை.

---

தோழர்_பிசிறு

வ்ரூமின் இரண்டாவது கேள்வியை மீனா மேடம் வேகமாகக் கடந்துவிட்டார். தொழிலாளி பக்கத்திலிருந்து பார்த்தால் அதுதான் பெரிய கேள்வி. இன்றைக்குத் தருவார்களா என்பது மட்டுமில்லை. தந்த பிறகு டார்கெட்டை ஏற்றிவிடுவார்களா?

சிகாகோ பக்கத்தில் வெஸ்டர்ன் எலெக்ட்ரிக்கின் ஹாதார்ன் ஆலை. 1931-32இல் டெலிபோன் சாதனத்துக்கு வயர் கட்டும் 14 ஆண்களைத் தனி அறையில் உட்காரவைத்துக் கவனித்தார்கள். குழு அடிப்படையில் சம்பளம், அதிகம் செய்தால் எல்லோருக்கும் அதிகம். ஆனாலும் ‘ஒரு நாள் வேலை என்றால் இரண்டு யூனிட்’ என்று அவர்களே ஒரு கோடு போட்டுக்கொண்டார்கள். மிஞ்சியவனுக்குத் தோளுக்குக் கீழே ஒரு குத்து. ஏன் என்றதற்கு அவர்கள் சொன்ன காரணம்: அதிகம் செய்தால் ரேட்டைக் குறைப்பார்கள், இல்லையென்றால் ஆளைக் குறைப்பார்கள். பெருமந்தக் காலம் வேறு.

ஹாதார்ன் என்றால் ‘கவனித்தாலே உற்பத்தி கூடும்’ என்ற பாதியைத்தான் எச்ஆர் வகுப்பில் சொல்லித்தருகிறார்கள். இந்த அறையைப் பற்றிப் பேசுவதில்லை. பேசாததில் ஆச்சரியமுமில்லை.

உங்கள் ஸ்கீமில் 55, 60, 65 எத்தனை மாதத்துக்கு மாறாது என்று ஒரு வரி இருக்கிறதா? இல்லையென்றால் லைன் 56இல் வந்து நின்றுகொள்ளும். அது சோம்பேறித்தனமில்லை, கணக்கு.

---

நூல்கண்டு

வரி இல்லை. சேர்க்கலாம். ஆனால் ஃபோல்டர் (துணியை மடித்துக்கொடுக்கும் இணைப்பு) மாட்டினால், ஆட்டோ ட்ரிம்மர் மெஷின் வந்தால் சாம் உண்மையிலேயே குறைகிறதே தோழர். பழைய சாமிலேயே கணக்குப் போட்டால் முதலாளி ஒத்துக்கொள்ள மாட்டார்.

---

கொங்கு_ஐஇ

குறைக்கலாம், முறைப்படி. லிங்கன் எலெக்ட்ரிக் என்று அமெரிக்காவில் வெல்டிங் மெஷின் கம்பெனி, நூறாண்டுக்கு மேலாகப் பீஸ் ரேட்டில் ஓடுகிறது. அங்கே அடிப்படை விதியே, செய்முறை மாறாமல் ரேட் மாறாது. ஒருவர் அதிகம் சம்பாதிக்கிறார் என்பதற்காக ரேட்டில் கை வைப்பதில்லை. ரேட் தப்பு என்று தொழிலாளி ஆட்சேபிக்கவும் வழி உண்டு. எல்லாக் கம்பெனியும் இதைப் பார்த்து வாயூறும், செய்ய மனம் வராது.

தையலில் இப்படி எழுதுங்கள்:

சாம் ஆபரேஷன் வாரியாக லைன் முனையில் ஒட்டியிருக்க வேண்டும். மொத்தம் 7 என்று மட்டும் போடக் கூடாது. ஷோல்டர் அட்டாச், நெக் ரிப், ஸ்லீவ் அட்டாச், சைடு, பாட்டம் ஹெம் என்று தனித்தனியாக.

ஹெம்முக்கு ஃபோல்டர் மாட்டி 0.60 நிமிடம் 0.45 ஆனால், மாறுவது அந்த 0.15 மட்டும். 7.00 என்பது 6.85 ஆகும். அந்தச் சாக்கில் 6.50 ஆக்கினால் அன்று மதியத்துக்குள் மூன்று லைனுக்கும் தெரிந்துவிடும், அதோடு ஸ்கீம் முடிந்தது.

பழைய செய்முறை, புதிய செய்முறை இரண்டுக்கும் வீடியோ எடுத்துவையுங்கள். பத்துப் பதினைந்து சுற்றாவது அளக்க வேண்டும். லைனின் வேகமான ஆளை மட்டும் வைத்து அளக்கக் கூடாது. ரேட்டிங் (ஆளின் வேகத்தை மதிப்பிடுவது) போடத் தெரியாத ஜூனியர் ஐஇ (தொழில் பொறியாளர்) செய்யும் முதல் தப்பு அதுதான். டெய்லர் தரப்பில் ஒருவர் பக்கத்தில் நிற்கட்டும்.

புதிய சாம் அமலுக்கு வருவதற்கு ஒரு மாதம் அவகாசம். அந்த மாத லாபம் அவர்களுக்கே போகட்டும். அடுத்த ஃபோல்டருக்கு யோசனையே அவர்களிடமிருந்து வரும்.

---

மீனலோசனி

‘டெய்லர் தரப்பில் ஒருவர் நிற்கட்டும்’ என்றதற்கு ஆடைத் தொழிலிலிருந்தே சான்று இருக்கிறது. வர்ஜீனியா மாகாணத்தின் மேரியனில் ஹார்வுட் என்ற பைஜாமா ஆலை. அங்கே நடந்த சோதனையைக் காக், ஃபிரெஞ்ச் இருவரும் 1948இல் வெளியிட்டார்கள். பிரச்சினை இன்றைக்கு நாம் பேசுவதேதான்: செய்முறையைக் கொஞ்சம் மாற்றி ரேட்டைத் திருத்தினால் ஆட்கள் வேலையை விட்டுப் போகிறார்கள், இருப்பவர்கள் வேகம் குறைகிறது.

நிர்ணயம் மணிக்கு 60 யூனிட். ஒரு குழுவைக் கூப்பிட்டு, போட்டி கடுமையாக இருக்கிறது, மாற்றம் இது, புதிய ரேட் இது என்று விளக்கிக் கேள்விக்குப் பதில் சொல்லி அனுப்பினார்கள். இன்னொரு குழு, புதிய முறையைக் கற்று ரேட் நிர்ணயத்துக்கு உதவத் தன் பிரதிநிதிகளைத் தேர்ந்தெடுத்தது. மேலும் இரண்டு சிறு குழுக்களில் எல்லோரும் உட்கார்ந்து செய்முறையையும் ரேட்டையும் வடிவமைத்தார்கள்.

முதல் குழு 50ஐ ஒட்டியே கிடந்தது. 40 நாளுக்குள் 17 சதவீதம் பேர் வேலையை விட்டார்கள். எல்லோரும் பங்கெடுத்த குழுக்கள் சில நாளில் பழைய வேகத்துக்குத் திரும்பி, பிறகு அதற்கு மேல் சுமார் 14 சதவீதம் ஏறின. யாரும் விலகவில்லை. இதில் கவனிக்க வேண்டியது: முதல் குழுவில் மிஞ்சியவர்களையே இரண்டரை மாதம் கழித்து வேறொரு வேலைக்கு மாற்றி, இந்த முறை பங்கெடுக்க வைத்தபோது அவர்களும் வேகமாக ஏறினார்கள். ஆள் சரியில்லை என்ற வாதம் அங்கே அடிபட்டது.

குழுக்கள் சிறியவை. ஒன்று இஸ்திரி, ஒன்று மடிப்பு, ஒன்று செக்கிங் என்று வேலையும் வேறு வேறு. அதனால் 14 என்ற எண்ணை அப்படியே உங்கள் முதலாளியிடம் வாக்குறுதியாகக் கொடுத்துவிடாதீர்கள்.

---

கணக்குப்பிள்ளை

55, 60, 65 என்ற ஸ்லாப் வேண்டாம். காரணம் இரண்டு.

மதியம் மூன்று மணிக்கே இன்றைக்கு 60 வராது, 57தான் என்று தெரிந்துவிட்டால், கடைசி இரண்டு மணி நேரப் பீஸை அமுக்கி நாளைக் கணக்கில் காட்டுவார்கள். சூப்பர்வைசரும் கூட்டு. அடுத்து, 59.6க்கு ரூ.30, 60.1க்கு ரூ.60 என்றால் தினமும் எண்ணிக்கைச் சண்டை. அடிப்படைக்கு மேல் ஒவ்வொரு பீஸுக்கும் இவ்வளவு என்று நேர்கோடாக வையுங்கள்.

எவ்வளவு தரலாம்? ஒரு லைனின் ஒரு நாள் செலவு, சம்பளம், பிஎஃப், இஎஸ்ஐ, வாடகை, கரண்ட் எல்லாம் சேர்த்து ரூ.22,000 என்று வையுங்கள் (உங்கள் எண்ணைப் போட்டுக்கொள்ளுங்கள்). 700 பீஸ் என்றால் பீஸுக்கு ரூ.31.43. 823 என்றால் ரூ.26.73. மிச்சம் பீஸுக்கு ரூ.4.70, நாளுக்குச் சுமார் ரூ.3,860. மூன்றில் ஒரு பங்கு லைனுக்கு என்றால் ரூ.1,290 சொச்சம். 24 பேருக்குப் பிரித்தால் ஆளுக்கு ரூ.54. மாதம் 26 நாளும் அப்படியே ஓடினால் ரூ.1,400. பாதிப் பங்கு கொடுத்தால் ரூ.80.

இந்த மிச்சம் கூடுதல் பீஸுக்கு ஆர்டர் இருந்தால் மட்டும்தான். ஆர்டர் இல்லாத மாதத்தில் 823 தைத்தால் வெள்ளிக்கிழமையே லைன் காலி. அப்போது வேகமாகத் தைத்தவருக்குக் கிடைப்பது வேலையில்லாத சனிக்கிழமை. வ்ரூம் சொன்ன இரண்டாம் கேள்வி அங்கேதான் உடைகிறது.

இன்னொன்று, ஓவர்டைம். ஒன்றரை ஷிப்ட் ஓடும் ஊரில் வேலை மெதுவாக நடந்தால் இரவு அரை ஷிப்ட் கிடைக்கும். எட்டு மணி நேரத்தில் முடித்தால் கிடைக்காது. அரை ஷிப்ட் சம்பளத்தை விட்டுவிட்டு ரூ.54க்கு யார் ஓடுவார்கள்? சட்டப்படி ஓவர்டைமுக்கு இரட்டிப்பு, நடைமுறை எப்படியோ. உங்கள் யூனிட்டில் அரை ஷிப்ட் மாதத்துக்கு எத்தனை நாள் என்பதைப் பார்க்காமல் இன்சென்டிவ் தொகையை முடிவு செய்யாதீர்கள்.

தீபாவளி போனஸை இதோடு கலக்காதீர்கள். குறைந்தபட்சம் 8.33 சதவீதம், அதிகபட்சம் 20 என்பது 1965 சட்டத்திலிருந்து வருவது, 2019 ஊதியத் தொகுப்புச் சட்டத்திலும் அதே எண்கள். நஷ்டமானாலும் 8.33 தந்தாக வேண்டும். கொடுத்தே ஆக வேண்டிய கடனை ஊக்கத்தொகை என்று காட்டினால் ஒருவரும் நம்ப மாட்டார்கள்.

---

செக்கிங்_டேபிள்

தரத்தைப் பற்றி இதுவரை ஒருவரும் வாய் திறக்கவில்லை.

எண்ணிக்கைக்குப் பணம் கொடுத்த முதல் வாரமே என்ன நடக்கும்: பாட்டம் ஹெம் அலை, ஸ்லீவில் தையல் விட்டுப்போவது, நெக் ரிப் ஜாயின்ட் ஷோல்டருக்கு நேராக வராதது. ஓவர்லாக்கை (ஓரத்தை வெட்டிக்கொண்டே தைக்கும் தையல்) பிரித்துத் திரும்பத் தைப்பது முதல் தடவை தைப்பதைவிட அதிக நேரம் பிடிக்கும். பிளேடு வெட்டிய துணி திரும்பி வராது, சைஸே குறைந்துவிடும்.

செய்ய வேண்டியது: செக்கிங்கில் பாஸ் ஆன பீஸ் மட்டும் எண்ணிக்கை. ஆல்டர் பீஸ் (குறை கண்டு திருத்த வேண்டியது) அதே லைனுக்குத் திரும்பும், தைத்தவரிடமே போகும், அந்த நேரத்துக்குக் கூடுதல் சாம் கிடையாது. அமெரிக்காவில் கார் கண்ணாடி மாட்டும் சேஃப்லைட் கம்பெனி 1990களின் நடுவில் மணிக்கூலியிலிருந்து பீஸ் ரேட்டுக்கு மாறியபோது இதேபோல்தான் வைத்தார்கள்: மாட்டிய கண்ணாடி கெட்டால் மாட்டியவரே இலவசமாகத் திரும்ப மாட்ட வேண்டும்.

சம்பளத்தில் பிடித்தம் மட்டும் கூடாது. இன்சென்டிவில் எண்ணாமல் விடுவது வேறு, ஷிப்ட் சம்பளத்தில் கை வைப்பது வேறு. இரண்டாவது சட்டச் சிக்கல்.

பிறகு, செக்கிங் ஆட்கள் எந்தக் கணக்கில் வருகிறார்கள்? லைன் எண்ணிக்கையில் அவர்களுக்கும் பங்கு என்றால் கண்ணை மூடிக்கொள்வார்கள். அவர்களுக்கு ஃபைனல் இன்ஸ்பெக்‌ஷனில் பிடிபடும், அவர்கள் தவறவிட்ட குறையை வைத்துத் தனிக் கணக்கு.

---

கொங்கு_ஐஇ

சேஃப்லைட்டைச் சொன்னதால் ஒரு சேர்க்கை. அங்கே உற்பத்தி 44 சதவீதம் ஏறியது என்று லேசியர் என்ற பொருளாதார அறிஞர் 2000இல் காட்டினார். எல்லோரும் அந்த எண்ணோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அதில் பாதிதான் இருந்த ஆட்களின் வேகம். மீதி பெரும்பாலும் வேகமான ஆட்கள் வந்து சேர்ந்ததாலும் தங்கியதாலும் வந்தது. அது ஒற்றை ஆள் வேலை வேறு, வேனில் போய்த் தனியாகக் கண்ணாடி மாட்டுவது. லைனில் முன்னால் இருப்பவர் தராமல் பின்னால் இருப்பவர் தைக்க முடியாது.

---

தோழர்_பிசிறு

நின்ற நேரக் கணக்கு என்ன ஆயிற்று? கரண்ட் போனால், பண்டல் வராவிட்டால் அந்த நிமிடம் 9,600இலிருந்து கழியுமா? கழியாவிட்டால் நிர்வாகத்தின் தப்புக்குத் தொழிலாளி இன்சென்டிவை இழக்கிறார்.

---

கொங்கு_ஐஇ

கழிய வேண்டும். ஆனால் எல்லாவற்றையும் கழித்தால் வேறு வினை. சூப்பர்வைசர் மோசமான நாளில் ‘மெஷின் ரிப்பேர் 300 நிமிடம்’ என்று எழுதி எஃபிஷியன்சியைக் காப்பாற்றிக்கொள்வார். மாதக் கடைசியில் எல்லா லைனும் 62, ஷிப்மென்ட் மட்டும் லேட்.

ஒரு நிறுத்தம் 10 நிமிடத்துக்கு மேல் போனால்தான் எழுத வேண்டும். எழுதும்போதே மணி, மெஷின் எண், காரணம். டெய்லர் ஒரு கையெழுத்து, சம்பந்தப்பட்ட துறை ஒரு கையெழுத்து. லூப்பர் என்றால் மெக்கானிக், பண்டல் என்றால் கட்டிங். கட்டிங் மாஸ்டர் தன் பெயருக்கு எதிராகக் கையெழுத்துப் போடும்போது சும்மா போட மாட்டார், அதுவே தணிக்கை. அந்த நிமிடங்கள் அந்தத் துறையின் இன்சென்டிவில் கழியட்டும். 10 நிமிடத்துக்குக் குறைந்த நிறுத்தங்களை 700 என்ற அடிப்படையே ஏற்கெனவே விழுங்கியிருக்கிறது.

ஸ்டைல் மாற்றத்துக்குத் தனி ஏணி வேண்டும். முதல் நாள் அடிப்படை 30 சதவீதம், அடுத்த நாள் 38, பிறகு 45, நாலாம் நாளிலிருந்து வழக்கமான 51. போலோவுக்கு பிளாக்கெட் (கழுத்தில் பட்டன் வரும் பட்டி), காலர் இருப்பதால் இன்னும் இரண்டு நாள் சேர்த்துக்கொள்ளுங்கள். இது இல்லாவிட்டால் 20,000 பீஸ் ஒரே ஸ்டைல் ஓடும் லைன் பணம் வாங்கும், 1,500 பீஸ் ஆர்டராக ஓட்டும் லைன் ஒன்றும் வாங்காது. பிளானிங் ஆளுக்குக் காபி வாங்கிக்கொடுக்கும் பழக்கம் ஆரம்பமாகும்.

---

மீனலோசனி

ஏணிக்குக் கோட்பாட்டு ஆதரவும் உண்டு. லாக், லேதம் இருவரின் இலக்கு நிர்ணயக் கோட்பாடு: ‘முடிந்தவரை செய்’ என்பதைவிடக் குறிப்பான, கடினமான இலக்கு நல்லது. ஆனால் வேலை புதிதாகவும் சிக்கலாகவும் இருக்கும்போது எண்ணிக்கை இலக்கு கெடுதல், கற்றுக்கொள்வதை இலக்காக வைக்க வேண்டும். முதல் நாள் போலோ லைனில் மணிப் போர்டில் (மணிக்கு எத்தனை பீஸ் என்று எழுதும் பலகை) 100 என்று எழுதுவது அந்தத் தப்பு. ‘மதியத்துக்குள் பிளாக்கெட் மூலை சுருக்கமில்லாமல் வர வேண்டும்’ என்று எழுதலாம்.

பணமே இல்லாமல் இலக்கு மட்டும் வேலை செய்த ஒரு கேஸ், 1975இல் வெளிவந்தது. ஓக்லஹோமாவில் மரம் ஏற்றும் 36 லாரி. சட்டம் அனுமதித்த எடையில் சுமார் 60 சதவீதம்தான் ஏற்றி வந்தார்கள். 94 சதவீதம் இலக்கு என்றார்கள், எட்டாவிட்டால் தண்டனை கிடையாது என்றும் சொன்னார்கள். முதல் மாதம் 80 வந்தது. அடுத்த மாதம் 70க்கு இறங்கியது. நிர்வாகம் சொன்ன சொல் காக்கிறதா என்று டிரைவர்கள் சோதித்துப் பார்த்தார்கள். யாரையும் ஒன்றும் செய்யவில்லை. மூன்றாம் மாதம் 90 தாண்டியது.

நூல்கண்டு, உங்கள் லைனிலும் இரண்டாம் மாதம் அப்படி ஒரு சரிவு வரும். அன்றைக்குச் சூப்பர்வைசர் கத்தினால் சோதனையில் தோற்றது நிர்வாகம்.

---

நூல்கண்டு

குறித்துக்கொண்டேன் மேடம். ‘சிறந்த டெய்லர்’ பரிசு, ரூ.1,000 அட்டெண்டன்ஸ் இரண்டும் பாக்கி. லைன் முழுக்க ஒரே பங்கா, இல்லை ஏ கிரேடு டெய்லருக்கு அதிகமா என்றும் சொல்லுங்கள். நல்ல டெய்லர் மற்றவர்களோடு பங்கு போட ஒத்துக்கொள்வாரா?

---

மீனலோசனி

சிறந்த டெய்லரை எடுத்துவிடுங்கள். 24 பேரில் ஒருவருக்குப் பரிசு என்றால் 20 பேருக்கு வ்ரூமின் முதல் கேள்வியே பூஜ்யம். ஒருவரை ஒருவர் ஒப்பிட்டுக் கூலி தருவதில் இன்னொரு சிக்கல்: இங்கிலாந்தில் பழம் பறிக்கும் பண்ணை ஒன்றில் சக ஆட்களின் சராசரியோடு ஒப்பிட்டுக் கூலி தந்தபோது, பக்கத்தில் நண்பர் இருந்தால் வேகத்தைக் குறைத்துக்கொண்டார்கள். நான் வேகமாகப் பறித்தால் நண்பனுக்குக் கூலி குறைகிறதே. சாதாரணப் பீஸ் ரேட்டுக்கு மாறியதும் ஆளுக்கான பறிப்பு 50 சதவீதத்துக்கு மேல் ஏறியது.

குழுப் பங்கு பற்றி: கலிபோர்னியாவின் நாபாவில் கோரெட் என்ற பெண்கள் ஆடை ஆலை 1990களில் தனிநபர் பீஸ் ரேட்டிலிருந்து ஆறேழு பேர் கொண்ட குழுப் பீஸ் ரேட்டுக்கு மாறியது. சராசரியாக 14 சதவீதம் உற்பத்தி கூடியது. முதலில் விரும்பிச் சேர்ந்தவர்கள் வேகமான டெய்லர்கள்தான், சிலர் வருமானம் குறைந்தும். வேகமானவரும் மெதுவானவரும் கலந்த குழு நன்றாகச் செய்தது, ஏனென்றால் சொல்லிக்கொடுக்க ஆள் இருந்தது. ஆனால் அது ஆறேழு பேர். உங்களுடையது 24. அவ்வளவு பெரிய குழுவில் ஒருவர் உழைப்பு மற்றவர் கண்ணில் படாது. முன்பகுதி, அசெம்பிளி, ஹெம் என்று மூன்று கட்டமாகப் பிரித்து மணிப் போர்டு வையுங்கள், பணம் லைன் மொத்தத்துக்கு இருந்தாலும்.

கிரேடு வித்தியாசம் பற்றி ஆடம்ஸ் 1960களில் சொன்னது, மனிதர்கள் தொகையைப் பார்ப்பதில்லை, தன் உழைப்புக்குத் தன் கூலி, பக்கத்து ஆளின் உழைப்புக்கு அவர் கூலி என்று விகிதத்தைப் பார்க்கிறார்கள். ஒடிசாவில் சிறு உற்பத்திக் கூடங்களில் நடந்த ஆய்வு (2018இல் வெளியானது) இதற்கு ஒரு நிபந்தனை சேர்த்தது. ஒரே வேலை செய்யும் குழுவுக்குள் கூலி வித்தியாசம் வைத்தால் உற்பத்தியும் வருகையும் விழுந்தன, வருகை மட்டும் 18 சதவீதப் புள்ளி. ஆனால் யார் எவ்வளவு செய்கிறார் என்பது எல்லோர் கண்ணுக்கும் தெரிந்த வேலைகளில் வித்தியாசம் பாதிக்கவில்லை. ஏ கிரேடு என்றால் என்ன என்று சுவரில் எழுதுங்கள்: எத்தனை ஆபரேஷன் தெரியும், எத்தனை மெஷின் ஓட்டுவார். சூப்பர்வைசர் மனதுக்குள் இருக்கும் கிரேடுதான் ஆபத்து.

---

கணக்குப்பிள்ளை

அட்டெண்டன்ஸ் சுருக்கமாக. மாதம் முழுக்க என்று வைத்தால் மூன்றாம் தேதி லீவு போட்டவருக்கு மீதி மாதம் ஒரு காரணமும் இல்லை. வாரத்துக்கு ரூ.200 என்று பிரியுங்கள், நாலு வாரமும் முழுசாக வந்தால் மேலே ரூ.200. மொத்தம் அதே ரூ.1,000.

காய்ச்சலோடு வந்து உட்காருவதைத் தடுக்க மாதம் ஒரு நாள் முன்கூட்டிச் சொன்ன லீவைக் கழிக்காதீர்கள். பெண்கள் அதிகம் இருக்கும் லைனில் இது முக்கியம். முன்கூட்டிச் சொன்னால் பிளானிங்குக்கும் நல்லது, ஓவர்லாக்குக்கு மாற்று ஆள் போடலாம்.

சூப்பர்வைசர், மெக்கானிக் இருவருக்கும் எண்ணிக்கையை மட்டும் வைத்துப் பணம் தராதீர்கள். சூப்பர்வைசருக்கு லைன் தொகையில் ஒரு பங்கு, ஆனால் ஆல்டர் சதவீதமும் அந்த மாதம் வேலையை விட்டு நின்ற ஆட்களின் எண்ணிக்கையும் அதைக் குறைக்கட்டும். கத்தி வேலை வாங்குபவரை இரண்டாவது எண் உடனே காட்டிவிடும்.

---

தோழர்_பிசிறு

ஸ்கீம் பரவாயில்லாமல் வருகிறது. ஆனால் அடிப்படைச் சம்பளம் ஒப்பந்தப்படி இல்லாத யூனிட்டில் இதெல்லாம் வேண்டாத வேலை. இன்சென்டிவைச் சேர்த்துத்தான் குறைந்தபட்சக் கூலியே எட்டுகிறது என்றால் அது இன்சென்டிவ் இல்லை, சட்ட மீறல்.

நோட்டீஸ் விஷயம். ஒட்டப்போவதைத் தமிழில் மட்டும் ஒட்டாதீர்கள். லைனில் ஒடியா, இந்தி பேசுகிறவர்கள் இருந்தால் அந்த மொழியிலும். கணக்கை ஒரு நாள் உதாரணத்தோடு எழுதுங்கள்: நேற்று 2ஆம் லைன், பாஸ் ஆனது 760, அடிப்படை 700, கூடுதல் 60, பீஸுக்கு இவ்வளவு, ஆளுக்கு இவ்வளவு. ‘நிர்வாகத்தின் முடிவே இறுதியானது’ என்று வழக்கமாகக் கடைசியில் ஒரு வரி போடுவார்கள், அதை எடுத்துவிட்டு, தகராறு வந்தால் யாரிடம், எத்தனை நாளுக்குள் பதில் என்று போடுங்கள். ஆறு மாதத்துக்கு அடிப்படை மாறாது என்ற வரியில் முதலாளி கையெழுத்து வேண்டும், எச்ஆர் கையெழுத்து போதாது.

---

நூல்கண்டு

அடுத்த மாதமே ஆரம்பிக்கலாமா? தீபாவளிக்கு இன்னும் ஐந்து வாரம் இருக்கிறது.

---

கொங்கு_ஐஇ

வேண்டாம். தீபாவளிக்கு முன்னால் ஷிப்மென்ட் நெருக்கடி, ஓவர்டைம், போனஸ் பேச்சு எல்லாம் ஒன்றாக வரும், எது எதனால் ஏறியது என்று தெரியாது. தீபாவளிக்குப் பிறகு ஊருக்குப் போனவர்கள் திரும்ப இரண்டு வாரம் ஆகும், பொங்கலுக்கு மறுபடி காலி. இந்த இடைவெளியில் நின்ற நேரக் கணக்கை மட்டும் எடுங்கள், ஆபரேஷன் சாமைச் சரிசெய்து ஒட்டுங்கள். ஜனவரி கடைசியில் ஒரு லைனில் மட்டும் ஆரம்பியுங்கள். ஸ்டைல் அதிகம் மாறாத லைனைத் தேர்ந்தெடுக்காதீர்கள், அதில் எந்த ஸ்கீமும் ஜெயிக்கும். தொகையை மாதச் சம்பளத்தோடு சேர்க்காமல் வாராவாரம் சனிக்கிழமை தனிச் சீட்டோடு கொடுங்கள்.